எட்டாயிரத்து எண்பதில் கேட்பது யார்

காலை ஐந்தேகால். டோஃப்டிரில் இன்னும் இருட்டு;
டிசம்பரில் விடிவது பத்து மணி வேலை.
ஆறு மணிக்கு ஏலம்.
இரண்டு படகின் காட் மீனும் ஒரு படகின் ஹேடக்கும்
எடை போட்டுப் பனிக்கட்டியில் கிடக்கின்றன.
ஏல நிரல் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது:
முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

யாருடைய பயன்பாட்டில்? அதைச் சொல்லவில்லை.
வாசலில் யாருடைய செருப்போ கிடக்கிறது,
உள்ளே இருப்பது யாரென்று செருப்புக்குத் தெரியுமா?

lsof -i :8080
பதில் இல்லை. வெறும் கர்சர்.
ss -tlnp
இது கொஞ்சம் இரங்கியது.
'கேட்கிறது' என்று ஒரு நிலை,
எட்டாயிரத்து எண்பது என்று ஒரு எண்,
பெயர் இருக்கவேண்டிய கடைசிக் கட்டம் காலி.
அடுத்த வீட்டு விவரம் சாதாரணப் பயனருக்குக் கிடையாது.

sudo போட்டேன். கடவுச்சொல் இருமுறை தப்பியது.
விரல் விறைத்திருந்தது, தொலைபேசி வேறு அலறியது.
தோர்மோட். "திரை இன்னும் கறுப்பு."
"தெரியும்."
"கிளாக்ஸ்விக் ஆட்கள் காபி குடித்து முடித்துவிட்டார்கள்."
"இன்னொன்று ஊற்று."

செயல் எண் 4117.
பெயர் ஹிட்டி. வெப்பம், அவ்வளவுதான் பொருள்.
ஓடத் தொடங்கி எழுநூற்றுப் பதினோரு நாள்.
உரிமையாளர் பெய்னிர்.

பெய்னிர் போன வருடமே வேலையை விட்டு
எண்ணெய்க் கப்பலொன்றில் சமையல்காரன் ஆகிவிட்டான்.
சாவியை வாங்கினோம், கணக்கை முடக்கினோம்,
பிரிவுக்குக் கேக்கும் வெட்டினோம்.
அவன் ஓடவிட்டுப் போனதை நிறுத்த
யாருக்கும் தோன்றவில்லை.

நேரமில்லை. ஆனாலும் அதன் பதிவேட்டைத் திறந்தேன்.
மூன்றாம் குளிரறை, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி:
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டரை,
செப்டம்பரில் ஒரு மதியம் மைனஸ் மூன்று,
மாலைக்குள் நான்கு, பிறகு ஒன்பது.
அன்றுதான் அந்த அறையைக் காலி செய்தோம்.
கம்ப்ரசரை விற்றோம். கதவைக்கூடக் கழற்றினோம்.
உணரி அங்கேயே சொல்லிக்கொண்டிருந்தது,
இது இங்கே கேட்டுக்கொண்டிருந்தது,
ஏன் சூடாகிவிட்டது என்று
ஒருமுறைகூடக் கேட்காமல்.

kill 4117
பெயர்தான் அப்படி. முதலில் அனுப்புவது வேண்டுகோள்தான்,
முடித்துக்கொள்ளேன் என்று. மறுத்தால்தான் ஒன்பது.
அது மறுக்கவில்லை.

இடம் மட்டும் உடனே கிடைக்கவில்லை.
'காத்திருப்பு' என்றது அதே வரி.
பெயர்க் கட்டம் மறுபடி காலி,
இந்தமுறை ரூட்டுக்கும் காலி.
மறைக்க ஒரு பெயரே இல்லை.
செத்த இணைப்பின் கடைசிச் சொல் வழியில் இருக்கலாம் என்று
கர்னல் அறுபது நொடி இடம் பிடித்து வைத்திருக்கும்,
யாருக்காகவும் அல்ல.
ஐந்து ஐம்பத்தெட்டு.
நகத்தைக் கடித்தேன்.

ஆறு மணி ஒரு நிமிடத்துக்குத் திரை வெளுத்தது.
தோர்மோட் தொண்டையைச் செருமினார், காட் தொடங்கியது.
இருபத்தெட்டு. இருபத்தொன்பதரை. முப்பத்தொன்று.

ஆறு பத்துக்கு என் திரையில் ஒரு சிவப்பு வரி:
அடையாளம் தெரியாதவர் ஏலம் கேட்கிறார், 7.2.
நிராகரிக்கப்பட்டது.
ஆறு இருபதுக்கும் அவரே. 7.2.
ஆறு முப்பதுக்கு இறங்கி வந்தார், 7.1.

"யாரந்தக் கஞ்சன்?" தோர்மோட் கேட்டார்.
"மூன்றாம் குளிரறை" என்றேன்.
கிளாக்ஸ்விக் ஆட்களில் ஒருவன் காபியைச் சட்டையில் துப்பினான்.

ஏலம் முடிந்ததும் இடுக்கியோடு போனேன்.
கதவில்லாத வாசல், தரையில் மழைத் தண்ணீர்,
கூரையோரம் அரிசியளவு பச்சை விளக்கு.
கம்பியைப் பிடித்தபடி மணியைப் பார்த்தேன்.
ஏழு ஒன்பது.
ஒரு நிமிடம்தானே,
இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போகட்டும்.
காட் எப்போதோ முப்பத்துநான்குக்கு விற்றாயிற்று.